மீன்பிடிக் கூடாரத்தின் குழாய் சிக்கிக்கொண்டால் அது உரிமையாளரின் அலட்சியமாம். குழாயை உலர வைக்கச் சொல்கிறார்களே, எங்கே வைத்து உலர்த்துவது?

நேற்று சாயங்காலம், ஐஸில் துளை போட்டு மீன் பிடித்து முடித்த பிறகு, உறைந்த ஏரியின் நடுவில் நின்றுகொண்டு ஒரு அலுமினியக் குழாயோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். மைனஸ் 22 டிகிரி. இருட்டிக்கொண்டு வருகிறது, காற்றும் ஏறிக்கொண்டே போகிறது. கூடாரத்தின் இடப்பக்கக் குழாய் தள்ளியதும் உள்ளே போய்விட்டது. வலப்பக்கக் குழாய் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை என்று சட்டம் கோணிக்கொண்டு நின்றால் கூடாரத்தை எப்படி மடக்குவது? துணியைக் காற்று தூக்கிவிடாமல் கூட வந்த நண்பர் மேலே விழுந்து அமுக்கிப் பிடித்திருந்தார். நான் கையுறையைக் கழற்றிவிட்டு, குழாயைப் பூட்டி நிறுத்தும் ஸ்பிரிங் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தேன். இன்று காலைவரை அந்த விரல் நுனி மரத்துத்தான் கிடக்கிறது. வயிறு எரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கூடாரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் பிளாஸ்டிக் ஸ்லெட், அதாவது பனியில் இழுத்துப் போகும் சறுக்கு வண்டி, அதிலேயே இருக்கை. ஸ்லெட்டின் பக்கங்களில் சுழலும் சட்டங்கள், அவற்றின் மேல் கனமான துணி. ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய், ஐஸில் துளை போட்டு, சட்டத்தைத் தலைக்கு மேலாகக் கவிழ்த்தால் இரண்டு நிமிடத்தில் குளிர்காற்று தாக்காத அறை கிடைத்துவிடும். சட்டத்தின் ஒவ்வொரு காலும் குழாய்க்குள் குழாய். உள்குழாயை இழுத்து நீட்டினால் துணி விறைப்பாக நிற்கும். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளினால் எல்லாம் ஸ்லெட்டுக்குள் அடங்கும். யோசனை அருமையானதுதான். ஆனால் மொத்தக் கூடாரமும் அந்த ஒருசில குழாய்கள் வழுக்கிப் போவதை நம்பியே இருக்கிறது. அவை மக்கர் செய்தால் ஏரி நடுவில் மாட்டிக்கொள்வது நாம்தான்.

பராமரிப்பைப் பற்றி என் கூடாரத்தோடு வந்த கையேட்டில் இருப்பது ஒரே வரி: குழாய்களைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருக்கவும். அவ்வளவுதான். எங்கே உலர வைப்பது? இந்தப் பொருளை ஐஸ் மேல், ஹீட்டர் எரியும் மூடிய அறைக்குள், திறந்த தண்ணீர்த் துளைகளுக்கு மேலே நிறுத்தத்தானே செய்திருக்கிறார்கள்?

ஹீட்டரில் எரிவது புரோபேன் வாயு. அது எரிந்தால் தண்ணீர் வரும். பள்ளிக்கூடத்து வேதியியல். 1 கிலோ புரோபேன் முழுதாக எரியும்போது ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. ஹீட்டரில் மாட்டும் சின்ன சிலிண்டரில் இருப்பது அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது ஒன்று தீர்ந்தாலே முக்கால் லிட்டர்போலத் தண்ணீர் அந்தக் காற்றில் கலக்கிறது. இரண்டு பேர் நாள்முழுக்க விடும் மூச்சு தனி. அத்தனை ஈரமும் எங்கே போய்ப் படியும்? இருப்பதிலேயே குளிர்ந்த பொருளின் மேல். பின்பக்கம் வெளிக்குளிரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தின் மேல். முதலில் வியர்க்கும், அப்புறம் சொட்டும், சொட்டியது இரண்டு குழாய்களுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளிக்குள் இறங்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஹீட்டரை அணைத்ததும் அலுமினியம் வெகு சீக்கிரம் சூட்டை இழந்துவிடுகிறது. நாம் தூண்டிலைச் சுருட்டி, வாளியை நகர்த்தி, மீனை எடுத்து வைப்பதற்குள் இரண்டு குழாய்களும் ஒரே கட்டை. இதில் உரிமையாளரின் அலட்சியம் எங்கே வந்தது?

ஈரம் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குளிர்காலச் சாலைகளில் உப்புக் கொட்டுகிறார்கள். வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த உப்புத் தண்ணீர் தெறித்துச் சட்டம் முழுக்கப் படிகிறது. சுழலும் இடத்தில் இருப்பது இரும்பு போல்ட், அது துளைத்துப் போவது அலுமினியம். இரண்டு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் முதலில் தின்னும். வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்து நிற்பது அதனால்தான். அந்தப் பொடியோடு குழாயை உள்ளே வெளியே இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அலுமினியம் மிருதுவான உலோகம். தன்னோடு தானே உரசினால் ஒன்றையொன்று பிறாண்டிக் கவ்விக்கொள்ளும். ஒரு கீறல் விழுந்துவிட்டால் அடுத்த முறை அதே இடத்தில்தான் சிக்கும்.

இனி யோசனை சொல்கிறவர்கள். "கொஞ்சம் எண்ணெய் விடுங்களேன், சரியாகிவிடும்." எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! சாதாரண எண்ணெயும் கிரீஸும் அந்தக் குளிரில் பசைபோல இறுகிவிடும். துணியின் நூலும் தூசும் அதில் ஒட்டிக்கொண்டு மாதக் கடைசியில் குழாய்க்குள் கறுப்புக் களிம்புதான் மிஞ்சும். கையில் பட்டால் தூண்டில் இரைவரைக்கும் அந்த வாடை வரும். இன்னொரு கூட்டம் "நாலு தட்டு தட்டுங்கள்" என்கிறது. தயவுசெய்து தட்டாதீர்கள். மெல்லிய சுவர்க் குழாய் அது. சுத்தியலோ ஐஸ் அள்ளும் கரண்டியோ பட்டு ஒரு சின்ன நசுக்கு விழுந்தால், ஐஸ் உருகிய பிறகும் அந்தக் குழாய் வழுக்காது. டார்ச் கொண்டு சூடாக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு விரல்கடை தள்ளி இருப்பது பாலியஸ்டர் துணி. ஏரி நடுவில் அது பற்றினால் என்ன செய்வார்கள்?

நான் செய்துவருவதைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கூடாரத்தை விரித்து, குழாய்களை முழுக்க நீட்டிவிட்டுக் காயவிடுவேன். மடித்தபடி விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் அங்கேயே தங்கும். பருவத்தில் ஓரிரு முறை உள்குழாயைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைப் பூப்பு இருக்கும் இடத்தை மெல்லிய தேய்ப்புத் துணியால் தேய்த்து, நீளக் குச்சியில் துணி சுற்றி வெளிக்குழாயின் உட்புறத்தையும் துடைப்பேன். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கோன் ஸ்பிரே, அதுவும் உள்குழாயின் மேல் மெல்லிசாக, உபரியைத் துடைத்துவிட்டு. சிலிக்கோன் குளிரில் இறுகாது, ஈரத்தையும் ஒட்டவிடாது. ஸ்பிரிங் பட்டனுக்கும் ஒரு சொட்டு. போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே நைலான் வாஷர் போட்டிருக்கிறேன். நட்டை முறுக்கித் தள்ளவும் மாட்டேன், அது குழாயையே நசுக்கிவிடும். ஏரியில் கூடாரத்தின் காற்றுத் துவாரங்களைத் திறந்தே வைப்பேன். ஹீட்டரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்காக எப்படியும் திறந்தே ஆக வேண்டும், ஈரமும் அந்த வழியாகக் கொஞ்சம் போகும். கிளம்பும்போது ஹீட்டரை அணைத்து வெளியே எடுத்த கையோடு முதல் வேலை குழாய்களைத் தள்ளுவது. வாளி, தூண்டில் எல்லாம் அப்புறம்.

இத்தனையும் செய்தும் நேற்று அந்தக் குழாய் மாட்டிக்கொண்டது. கோபம் வருமா வராதா?

ஏனென்றால் அதன் அமைப்பே அப்படி. உலோகத்தின் மேல் உலோகம் நேராக உரசுகிறது, நடுவில் வழுக்க ஒன்றுமே இல்லை. குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம், வைத்திருந்தால் போதும். இறங்கும் தண்ணீர் வெளியேற வெளிக்குழாயின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தால் போதும். முனை மூடி முதல் பருவத்திலேயே கழன்று விழுந்துவிட்டது, அதை ஒரு ரிவெட் அடித்து நிறுத்தியிருக்கலாம். பட்டனைக் கையுறையோடு அமுக்கும் அளவுக்குப் பெரிதாக வைத்திருக்கலாம். மைனஸ் 20இல் ஈரக் கையால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பது இந்தப் பொருளைச் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? துணியின் நிறத்துக்கும் கப் வைக்கும் இடத்துக்கும் காட்டிய அக்கறையில் பாதியை இங்கே காட்டியிருந்தால் என் விரல் இப்படி மரத்துக் கிடக்காது.

கடைசியில் ஹீட்டர் ஆறிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, பையில் இருந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலை இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது உறைவது மைனஸ் 89 டிகிரியில், அதனால்தான் எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். லேசாக அசைந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. ஸ்பேனரை எடுத்து அடி போல்ட்டைக் கழற்றி, முழுக் காலையும் சட்டத்தில் இருந்து உருவி ஸ்லெட்டின் மேல் குறுக்காகக் கட்டினோம். கரை சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

இப்போது அந்தக் குழாய் கூடத்தில் ஒரு தட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. அடியில் இருந்து இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. காய்ந்ததும் டிரில்லை எடுத்து, அவர்கள் போடாத அந்த ஓட்டையை நானே போடப்போகிறேன்.