மூன்றாம் வகுப்புக்கு மாண்ட்கோமரி கணக்கு

கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பையில் ரோசா பார்க்ஸ் படம் ஒன்று வந்துவிடும், வண்ணம் தீட்டுவதற்கு. கூடவே நாலு வரிக் கதை. தையல் வேலை முடிந்து களைத்துப்போன ஒரு கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்கவில்லை, கைதானார், மார்ட்டின் லூதர் கிங் வந்தார், சட்டம் மாறியது. சுபம்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். என் குறை அதற்கு நேர் எதிரானது. இங்கே அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது போதவில்லை.

1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி-யின் கிளைச் செயலாளராகப் பல வருடம் வேலை பார்த்தவர். அந்தக் கோடையில்தான் டென்னசி போய் ஹைலேண்டர் பள்ளியில் ஒரு உரிமைப் போராட்டப் பயிற்சி முகாமில் கலந்துகொண்டு வந்திருந்தார். அவரை எழுந்திருக்கச் சொன்ன அதே ஓட்டுநர் 1943-லேயே ஒருமுறை அவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார். அன்று வழக்கத்தைவிட உடம்பு ஒன்றும் களைத்திருக்கவில்லை, பணிந்து பணிந்துதான் அலுத்துவிட்டது என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். இன்னொன்று: அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் அதே ஊரில் அதே காரணத்துக்காகக் கைதானாள். பேருந்துப் பாகுபாட்டை முடித்துவைத்த வழக்கில் வாதிகளில் ஒருத்தி அவள். ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் இல்லை.

இதைச் சொன்னால் பிள்ளைக்குப் புரியாதா? புரியும். இதைவிடச் சிக்கலான போக்கிமான் வம்சாவளியெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி, இந்தக் கைதுக்குப் பிறகு கறுப்பின மக்கள் ஊர்ப் பேருந்துகளில் ஏறாமல் புறக்கணித்த 381 நாட்கள். ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய சைக்ளோஸ்டைல் செய்தார். அந்த ஊர்ப் பேருந்துப் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். பேருந்துக் கட்டணம் 10 சென்ட். கறுப்பின டாக்சிக்காரர்களும் அதே 10 சென்ட்டுக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தார்கள். உடனே நகர நிர்வாகம், டாக்சிக்குக் குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியே ஆகவேண்டும் என்று பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது. சரி என்று சொந்தக் கார்களையும் தேவாலய வண்டிகளையும் வைத்து ஓட்டினார்கள். அவற்றுக்குக் காப்பீடு ரத்தானது. அதற்கும் வேறு வழி தேடினார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் மற்ற பெண்களோடு சேர்ந்து கேக்கும் சாண்ட்விச்சும் செய்து விற்று, அந்தக் காசைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக அவருக்கு வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்றார்.

மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடமே இதில் இருக்கிறது. நாலு பயணிகளில் மூன்று பேர் ஏறாவிட்டால் பேருந்துக் கம்பெனிக்கு ஒரு நாளைக்கு என்ன நஷ்டம்? 10 சென்ட் 45 ஆனால் வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு எவ்வளவு கூடுதல் செலவு? இதைப் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு உரிமை என்பது யாரோ ஒரு நல்லவர் தந்த பரிசாகத் தெரியாது.

அடுத்து, எதிர்ப்பக்கம். ரூபி பிரிட்ஜஸ் கதையில் இதை எல்லாரும் மழுப்புகிறார்கள். 1960 நவம்பர் 14 அன்று ஆறு வயதுச் சிறுமி நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த பள்ளிக்கு மத்திய அரசுக் காவலர்களுடன் போனாள். வாசலில் நின்று கத்தியவர்கள் யார்? பலர் அதே பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். ரூபியின் அப்பாவுக்கு வேலை போனது. மிசிசிப்பியில் தாத்தா பாட்டி விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்ட நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற வெள்ளை ஆசிரியை அந்த ஒரு பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் பாடம் நடத்தினார்.

இதையெல்லாம் சொன்னால் வெள்ளைப் பிள்ளைகள் குற்ற உணர்ச்சியில் வாடிவிடுவார்கள் என்கிறார்கள். டென்னசியின் வில்லியம்சன் கவுண்டியில் 2021-ல் ஒரு பெற்றோர் குழு ரூபி பற்றிய சிறுவர் புத்தகத்தின் மீதே புகார் கொடுத்தது. எனக்கு இந்த வாதம் விளங்குவதில்லை. கதையில் பார்பரா ஹென்றி இருக்கிறாரே! அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் சின்ன மகளைத் தினமும் அதே பள்ளிக்கு அழைத்துப்போன வெள்ளைப் பாதிரியார் லாயிட் ஃபோர்மன் இருக்கிறாரே! கூட்டத்தை மறைத்தால் இவர்களும் சேர்ந்து மறைந்துபோவார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: நடித்துக் காட்டுவது. கிங் கொல்லப்பட்ட மறுநாள் ஐயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்து நடத்தியது உலகப் புகழ் பெற்றது. பார்க்கிற பெரியவர்களுக்கு நல்ல பாடம்தான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை ஒரு நாள் முழுக்க மட்டம் தட்டித்தான் புரியவைக்க வேண்டும் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

சமநீதி என்றதும் பள்ளிச் சுவரில் ஒரு படம் ஒட்டுவார்கள். வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்க்கும் மூன்று பிள்ளைகள், எட்டிப் பார்க்க ஏறி நிற்கக் குட்டைப் பிள்ளைக்கு இரண்டு பெட்டி. பார்க்க அழகு. ஆனால் குறை பிள்ளையின் உயரத்தில் இருப்பதுபோல் அல்லவா ஆகிவிடுகிறது? நிஜத்தில் வித்தியாசம் வீட்டு மதிப்பில் இருக்கிறது. இங்கே பொதுப் பள்ளிச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உள்ளூர் வருவாயிலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி சொத்து வரி. 1930-களில் அரசு நிறுவனமே கறுப்பினத்தவர் வாழ்ந்த பேட்டைகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, கடன் கொடுக்க ஆகாத இடம் என்றது. வீடு வாங்கப் போனால் "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்று முதலில் கேட்கும் நம் தமிழர்கள் அந்த வரைபடத்தின் மிச்சத்தின் மேல்தான் வீடு தேடுகிறோம்.

"நமக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்கிறவர்களுக்கு இரண்டு வரி. 1946 சட்டப்படி இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் வருடத்துக்கு 100. அந்த நாட்டுவாரி ஒதுக்கீடு ஒழிந்தது 1965-ல், சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது.

ஓரிகனின் போர்ட்லாந்தில் பல வருடம் ஒரு விதி இருந்தது. பள்ளிக்காகப் பெற்றோர் திரட்டும் நிதி 10,000 டாலரைத் தாண்டினால், தாண்டியதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகும், வசதி குறைந்த பள்ளிகளுக்காக. நியாயமா இல்லையா என்று நான்காம் வகுப்பில் விவாதிக்க விடலாம், பிள்ளைகள் பிய்த்து எடுப்பார்கள். எங்கள் பி.டி.ஏ. கூட்டத்தில் இந்த முறை இதை முன்வைக்கப் போகிறேன். வசவு நிச்சயம். கூட நிற்க யாராவது வருவதாக இருந்தால் கமென்டில் சொல்லுங்கள்.