கையெழுத்திட்டாலும் உரிமை போய்விடாது

“கூரியர்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கிவிட்டால், உள்ளே உடைந்திருந்தாலும் நட்டம் நம்முடையதே” என்று ஓர் அண்ணன் எழுதியிருப்பது சரியன்று. அதை நம்பிப் பலர் பணத்தை இழக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், நாம் ஏற்றுக்கொள்ளும்வரை பொருளுக்கான பொறுப்பு விற்பவருடையது. நாம் கேட்டால், பொருளைப் பார்த்துச் சரிபார்க்க நியாயமான வாய்ப்பும் அவர் தர வேண்டும். ஏற்றுக்கொண்ட பின்னரும் 56ஆம் பிரிவு துணைநிற்கிறது: பழுதான பொருளை 6 மாதத்துக்குள் விற்பவரின் செலவிலேயே திருப்பி அனுப்பி, பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றுள் எது வேண்டுமென்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

சென்ற தீபாவளிக்கு டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அகல்விளக்குகள், ஒரே ஒரு செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்ததால், பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தன. அம்மாவின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. “கூரியரைக் கேளுங்கள்” என்றார் விற்றவர். பிரிக்காத பெட்டி, உள்ளே இருந்த பொதியல், உடைந்த துண்டுகள் எனப் படமெடுத்து, பிரிவு எண்களோடு அன்றே அவருக்கு எழுதியதும் பணம் திரும்பியது. படமில்லாமல் வாதாடுவது கடினம். எனினும், வணிகமாக அன்றித் தம் பழைய பொருளை விற்கும் தனிநபருக்கு இச்சட்டம் பொருந்தாது.