அம்மாவைக் குறை சொல்லும் முன், வீட்டைப் பாருங்கள்

குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வந்தால் சுற்றியிருப்பவர்கள் முதலில் அம்மாவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இன்ஹேலரை ஒழுங்காகக் கொடுத்தாயா, குளிரில் விளையாட விட்டாயா என்று. சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கிறதா, ஜன்னலுக்கு வெளியே நாளெல்லாம் லாரி ஓடுகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

லண்டனில் நெரிசலான சவுத் சர்குலர் சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவள் எலா அடூ கிஸ்ஸி டெப்ரா. கடுமையான ஆஸ்துமா. இருபது தடவைக்கு மேல் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். 2013இல் இறந்தபோது அவளுக்கு வயது 9. அவள் அம்மா விடாமல் போராடியதால் மறுவிசாரணை நடந்தது. காற்று மாசும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்ற தகவலே அந்த அம்மாவுக்குத் தரப்படவில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை தடவை மருத்துவமனைக்குப் போயும்!

அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னொரு விஷயம் நடந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் இருந்த குடும்பங்கள் வாடகை உதவியோடு வசதியான பகுதிகளுக்குக் குடிபோயின. அந்த வீடுகளின் ஆஸ்துமா குழந்தைகளை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 5 நாள் இருந்த தொந்தரவு 3 நாளுக்கும் கீழே குறைந்திருந்தது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பயமும் மன அழுத்தமும் குறைந்தது. தெருவில் நடக்கப் பயப்படும் குழந்தையின் நுரையீரலும் அந்தப் பயத்தைச் சுமக்கிறது.

அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தடுப்பு இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்கத்தான் வேண்டும், நன்றாக இருக்கும் நாளிலும். ஆனால் இரவு ஷிப்டுக்குப் போகும் அம்மா, பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டி, மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் என்று குழந்தை கை மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் ஒரு வேளை தவறுவது அலட்சியம் இல்லை. கரப்பான் தொல்லையும் அப்படித்தான். அதன் எச்சமும் இளைப்பைக் கிளப்பும், அதைக் கொல்ல அடிக்கும் ஸ்பிரேயும் கிளப்பும். கட்டடம் முழுக்க ஓட்டையை அடைக்காமல் ஒரு வீடு மட்டும் என்ன செய்ய முடியும்?

டாக்டர்களிடம் நான் கேட்பது இதுதான். மருந்துச் சீட்டு எழுதும் முன் வீட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். ஓதம் இருக்கிறது என்றால், அதைச் சரிசெய்யாமல் இந்தக் குழந்தைக்குக் குணம் தெரியாது என்று வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர் வாயால் கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பாதிப்பேர் கேட்பதே இல்லை.