அடிக்குழியையும் பேசியிருக்கலாம்

1910-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் தொடங்கப்பட்ட மின்தூக்கி (லிஃப்ட்) நிறுவனமான கோனேவைப் பற்றி நான் படித்த கட்டுரை, அது 1996-இல் கொண்டுவந்த மோனோஸ்பேஸ் மின்தூக்கியை ஒரே வரியில் கடந்து சென்றிருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. மொட்டை மாடியில் தனியாக இயந்திர அறை கட்டாமல், பற்சக்கரப் பெட்டி தேவைப்படாத நிரந்தரக் காந்த மோட்டாரை, லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துக் கூண்டான ஷாஃப்டுக்குள்ளேயே பொருத்தும் அந்த முறை பரவியதால், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குறுகிய மனையில் எழும் நான்கு மாடிக் கட்டடத்துக்குக்கூட லிஃப்ட் வைப்பது எளிதாகியிருக்கிறது.

ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் குமரி மாவட்டத்தில் லிஃப்டின் அடிக்குழிதான், அதாவது ஷாஃப்டின் அடியிலுள்ள பள்ளம்தான், பெரிய தலைவலி; கட்டுரை அதையும் பேசியிருக்கலாம். நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் (அது வேறொரு நிறுவனத்தின் லிஃப்ட், பெயர் வேண்டாம்) மழைநீர் தேங்கி, குழியிலுள்ள தாங்கு ஸ்பிரிங்குகள் துருவேறிய பிறகுதான் பராமரிப்புக்காரர் எட்டிப் பார்த்தார், குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்புக்காற்று கதவுத் தடங்களையும் விட்டுவைப்பதில்லை. மின்சாரம் நின்றால் பேட்டரியின் துணையோடு அருகிலுள்ள தளத்திற்குச் சென்று கதவைத் திறந்துவிடும் ஏ.ஆர்.டி. கருவி உண்டா என்று தவறாமல் கேட்பவர்கள், குழிக்கு நீர்க்காப்புப் பூச்சு செய்யப்பட்டதா என்று கட்டட ஒப்பந்ததாரரிடம் கேட்பதேயில்லை. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மின்தூக்கிகள் சட்டப்படி உரிமம் பெற்றே லிஃப்டை இயக்க வேண்டும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே குடியிருப்போர் சங்கங்கள் இந்த நீர்க்காப்புப் பூச்சை வற்புறுத்திக் கேட்கலாம்.