கார்டை மாற்றும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள்

போன வாரம் அக்கா பையன் போன் செய்தான். "மாமா, கேம் ரொம்ப லேக் அடிக்குது. கடைல கேட்டா கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்னு சொல்றாங்க. அப்பாகிட்ட நீங்க பேசுங்க." புதுக் கார்டு என்றால் எப்படியும் 20 ஆயிரத்தைத் தாண்டும். அக்கா வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. பணத்தை எடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன்.

அவன் பிசியில் சிபியு (மூளை மாதிரியான முதன்மைச் சிப்) ஐ5 10400எஃப், கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650. ஜிடிஏ 5 விளையாடுகிறான். ஆரம்பத்தில் 75 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், திரையில் வருகிறது என்ற கணக்கு), ஜம்மென்று ஓடுகிறது. பத்தே நிமிடத்தில் 25. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுத் திரை மூலையில் எண்களை ஓடவிட்டேன். பிரேம் சரியும் அதே நொடியில் கார்டின் பயன்பாடும் 95 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கியது. இந்த ஒரு எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டும். கார்டால் முடியவில்லை என்றால் அது 98, 99இல் திணறிக்கொண்டிருக்கும். இங்கே சிபியு கொடுக்கும் வேலைக்காகச் சும்மா காத்திருந்தது.

சிபியு வரியைப் பார்த்தால் 100 டிகிரி. 4 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஓட வேண்டியது 1.5க்கு வந்துவிட்டது. இந்தச் சிப்புக்கு 100தான் எல்லை. அதைத் தொட்டால் கருகாமல் தப்பிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கேபினட் இருந்த இடம் கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்த்தட்டு. இரண்டு பக்கமும் பலகை, பின்னால் சுவர். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் காற்று எங்கே போகும்? வெளியே இழுத்துத் திறந்தேன். ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சிபியுவைக் குளிர்விக்கும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று மதர்போர்டில் உட்காரவே இல்லை, விரல் பட்டாலே ஆடியது. சிபியுவின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக இருந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். கால்களை மூலைக்கு மூலை எதிராக, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். அப்புறம் ஒரு மணி நேரம் விளையாடினான். 72 டிகிரியைத் தாண்டவில்லை, பிரேமும் விழவில்லை. செலவு பேஸ்ட்டுக்கு 250 ரூபாய்.

எனக்குக் கோபமே வந்தது. மூடியைக்கூடத் திறக்காமல் ஒரு பையனிடம் எப்படி அவ்வளவு பெரிய செலவைச் சொல்ல முடிகிறது?

சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. நடுவில் ஒரே ஒரு பிரேம் 100 மில்லி விநாடி எடுத்தால் சராசரி அசையாது, ஆனால் கண்ணுக்கு வெட்டு தெரியும். ஆகவே ஒவ்வொரு பிரேமும் எடுக்கும் நேரத்தைக் காட்டும் பிரேம் டைம் கோட்டைப் பாருங்கள். அது அடிக்கடி ஊசி போல எகிறினால் ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதே அளவில் இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் ரேமுக்கும் சிபியுவுக்கும் நடுவே உள்ள பாதை இரட்டிப்பாகும்.

சில கேம்களில் உங்கள் பிசிமேல் தப்பே இருக்காது. 2022 பிப்ரவரியில் எல்டன் ரிங் என்ற கேம் வந்தபோது, விலை உயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களுக்கும் வெட்டி வெட்டித்தான் ஓடியது. அவற்றைவிடப் பல மடங்கு சக்தி குறைந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேமிங் பிசியில் அந்த வெட்டு வெகுவாகக் குறைந்தது. அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் தன் பக்கத்து மென்பொருளில் தனியாகத் திருத்தம் போட்டதுதான் காரணம். இந்த மாதிரிச் சிக்கலுக்குப் பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், காசைக் கொட்டாதீர்கள்.

கார்டு 99இல் நிற்கிறது, சூடும் சரி, கேம் செட்டிங்கில் ஷேடோவையும் டெக்ஸ்சரையும் குறைத்தும் போதவில்லை என்றால், சரி, அப்போது கார்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் டிராப் ஆகும் நேரத்துச் சிபியு சூடு, கார்டு பயன்பாடு இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். ராத்திரி உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.