திரையில் தெரிந்தது பழைய பதவி மட்டும்தான்
டிவியில் போர் பற்றி விளக்கம் சொல்ல வரும் ஓய்வுபெற்ற அமெரிக்கத் தளபதிகள் ஆயுத நிறுவனங்களோடு தொடர்பில் இருப்பது ஊரறிந்த விஷயம், பார்ப்பவர்களே அதைக் கழித்துக்கொண்டு கேட்பார்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எதைக் கழிப்பது என்று தெரிந்தால்தானே கழிக்க முடியும்? 2003 இராக் போரின்போது ராத்திரி முழுக்க அமெரிக்கச் சேனல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். முகத்துக்குக் கீழே வரும் பட்டையில் பெயரும் 'ஓய்வுபெற்ற ஜெனரல்' என்பதும்தான் இருக்கும். இப்போது யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று ஒரு தடவைகூடப் பார்த்த ஞாபகம் இல்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வழக்குப் போட்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனிடமிருந்து சுமார் 8,000 பக்க ஆவணங்களை வாங்கி, இந்தத் தொடர்புகளைப் பற்றி 2008 ஏப்ரலில் எழுதிய பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதே பத்திரிகையில் வந்தது இன்னும் மோசம். என்பிசி சேனலில் பேசிவந்த ஓய்வுபெற்ற ஜெனரல் பாரி மெக்கஃப்ரி, 2007-ல் டிஃபென்ஸ் சொல்யூஷன்ஸ் என்ற ராணுவ ஒப்பந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக ஒப்பந்தம் போட்ட நாலே நாளில், இராக்குக்கு 5,000 கவச வாகனங்கள் தரும் அதன் திட்டத்தைச் சிபாரிசு செய்து, அப்போது இராக்கில் படைத் தலைவராக இருந்த ஜெனரல் பெட்ரேயஸுக்கு எழுதினார். தன் கருத்துகள் நேர்மையானவை என்பதே அவருடைய பதில். சரி, இருக்கட்டும். ஆனால் பார்க்கிறவனுக்கு அந்த ஒப்பந்தத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா? 'போர் தெரிந்தவரை விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது' என்று மேலே கருத்துப் பகுதியில் கேட்ட நண்பருக்கு: தாராளமாகக் கூப்பிடட்டும். பங்குச்சந்தை பற்றிப் பேச வருபவரிடம் 'இந்தப் பங்கு உங்களிடம் இருக்கிறதா' என்று அதே நாட்டு டிவியில் கேட்கிறார்கள். தளபதியிடமும் அதைக் கேட்டு, அந்தப் பட்டையில் இன்னொரு வரி சேர்த்தால் போதும்.