‘புது பிசி வாங்கு’ என்பது பதில் இல்லை

நேற்று ஒருவர் நேரலையில் கேம் ஆடிக் காட்டிய அந்த ஸ்ட்ரீமில் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். கிளிப்பை மறுபடி நான் பகிரப் போவதில்லை. அப்டேட்டுக்கு அப்புறம் ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழுகிறது, என்ன செய்யலாம் அண்ணா என்று ஒரு பையன் சாட்டில் கேட்டான். “டப்பா பிசிக்காக கேம் வளராம நிக்குமா? முதல்ல புது பிசி வாங்கு” என்று ஸ்ட்ரீமரிடமிருந்து பதில் வந்தது. கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலிகள். அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

கேம் வளரட்டும். அழகான கிராபிக்ஸ் எனக்கும் பிடிக்கும். மேலே எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள், கீழ்ப்படியை எடுத்துவிடாதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான். நேற்று ஓடிய மெஷினில் இன்றும் ஓட வேண்டும்.

தனியாக ஆடும் கேமில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. புதுப் பாகம் ஓடவில்லையென்றால் பழைய பாகத்தை ஆடிக்கொள்ளலாம். ஆன்லைன் கேமில் அப்டேட் போடாமல் சர்வர் உள்ளேயே விடாது. 2023 செப்டம்பர் 27 அன்று கவுன்டர் ஸ்டிரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் வந்தபோது, 2012 முதல் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த அதன் முந்தைய பாகமான சிஎஸ்கோவின் இடத்திலேயே அது வந்து உட்கார்ந்தது. பழையதை வேண்டுமானால் தனியாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் அதிகாரப்பூர்வ மேட்ச்மேக்கிங் (ஆட்டத்துக்கு ஆள் சேர்த்துவிடும் வசதி) கிடையாது. பழைய கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸ் 9, பழைய 32-பிட் இயங்குதளம், ஆப்பிளின் மேக் மூன்றையும் கைவிட்டபோது, எல்லாம் சேர்த்து ஆடுபவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று அந்தக் கேமின் நிறுவனமான வால்வ் விளக்கம் சொன்னது.

அந்த எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது யாரைக் கணக்கில் எடுத்தது? கேம் திறக்கவே திறக்காதவர்களை. திறக்கிறது, ஆனால் ஆட முடியவில்லை என்பவர்கள் அந்த ஒரு சதவீதத்துக்குள் வர மாட்டார்கள். எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

“செட்டிங்ஸை லோவில் வை” என்பார்கள். வைக்காமலா இருப்போம்? லோவில் வைத்தால் நிழலும் டெக்ஸ்சரும் குறையும். அதெல்லாம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் சுமை. ஆட்களின் அசைவு, எது எங்கே மோதுகிறது என்ற கணக்கு, எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குக் கட்டளை அனுப்புவது எல்லாம் பிராசஸரின் வேலை. பழைய மெஷினில் முதலில் திணறுவது பல நேரம் அந்தப் பிராசஸர்தான். ரெசல்யூஷனை (திரையில் வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை) எவ்வளவு இறக்கினாலும் அதன் சுமை குறையாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமை முடிக்க 16.7 மில்லிநொடிதான் நேரம். காலி மைதானத்தில் ஓடும்போது அது போதும். நாலு பேர் எதிரே வந்து, புகைக்குண்டும் வெடிக்கும்போதுதான் திரை உறையும், சரியாக உயிர் போகிற நேரத்தில். சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) காட்டி “நல்லாத்தானே ஓடுது” என்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

எங்கள் செட்டில் ஒரு தம்பி. அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரில்தான், ஷட்டரை இறக்கியபிறகு ஆடுவான். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்திருப்பான். 800×600 என்ற குறைந்த ரெசல்யூஷனில் எதிரியின் தலை தூரத்தில் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளியைச் சரியாகச் சுடுவான். கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் பழைய கவுன்டர் ஸ்டிரைக் 1.6 ஆடி வளர்ந்த எங்களுக்கே அவன் ஆட்டம் ஆச்சரியம்.

நாங்கள் ஆடும் கேமில் (பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்) ஒரு அப்டேட்டில் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் புது கிராபிக்ஸ் வந்தது. அதிலிருந்து அவன் வருவதில்லை. கூப்பிட்டால் “நெட் பிரச்சினைண்ணே, நீங்க ஆடுங்க” என்கிறான். நெட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. மெஷின் ஓடவில்லை என்று சொன்னால் நேற்று அந்தப் பையனுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பழைய மெஷினைக் காலம் முழுக்கத் தாங்க முடியாது என்பது சரிதான். 32-பிட்டை விட்டதில் எனக்குச் சண்டை இல்லை. சிஎஸ் 2-இல் (கவுன்டர் ஸ்டிரைக் 2) புகைக்குண்டின் புகையை ஒருத்தர் மட்டும் அணைத்துவைக்க விட முடியாது, விட்டால் அவர் மட்டும் புகைக்குள் பார்ப்பார். அதுவும் நியாயம். ஆனால் “முடியவே முடியாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020-இல் வந்த வேலரன்ட் என்ற துப்பாக்கிக் கேம் தன் குறைந்தபட்சத் தேவையில் இன்டெல் எச்டி 4000-ஐ எழுதியது. 2012-இல் வந்த சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அது, தனி கார்டுகூடக் கிடையாது. வேண்டும் என்று நினைத்துச் செய்தார்கள், முடிந்தது.

2019 ஜூலையில், சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி செய்த பப்ஜி லைட் இந்தியாவுக்கு வந்தது நினைவிருக்கிறதா? ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம் போதும் என்றார்கள். அரசு கொடுத்த லேப்டாப்பில் ரேமைக் கூட்டி ஆடிப் பார்த்த பசங்களை எனக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் அதையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. கவுன்டர் ஸ்டிரைக்கில் பரிசுப் பணத்துக்கு ஆடும் பெரிய ஆட்டக்காரர்களில் பலர், லட்ச ரூபாய் மெஷினில் உட்கார்ந்துகொண்டு 1280×960 என்ற குறைந்த ரெசல்யூஷனில்தான் ஆடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஃபிரேம். ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு வேண்டியதும் ஃபிரேம்தான். அப்புறம் யாருக்காக அந்தத் தண்ணீர்?

“வாங்கு” என்று சொல்பவர்கள் விலை தெரிந்துதான் சொல்கிறீர்களா? பார்ட்ஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தீர்கள். அந்தக் கடையில் புது மெஷின் வாங்கக் காசு சேர்ந்தால் முதலில் ஜெராக்ஸ் மெஷினுக்கு டிரம் மாற்றுவார்கள். அதுதான் சரியும்கூட. காசில்லாதவன் விளையாடவே கூடாதா? அவனும் சேர்ந்து லாபியை (ஆட்டத்துக்கு ஆட்கள் காத்திருக்கும் இடத்தை) நிரப்பியதால்தானே உங்களுக்கு அரை நிமிஷத்தில் மேட்ச் கிடைத்தது? உங்கள் ஸ்ட்ரீமை முதலில் பார்த்ததும் அவன்தானே? ஆட முடியாதவர்கள்தான் நாள் முழுக்க அடுத்தவர் ஆடுவதைப் பார்ப்பார்கள். அவனைப் பார்த்தா சிரித்தீர்கள்?

அப்டேட்டுக்கு அப்புறம் ஓடாமல் போனவர்கள் பிராசஸர், ரேம், முன்பு வந்த ஃபிரேம், இப்போது வரும் ஃபிரேம் நாலையும் கமெண்டில் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தொகுத்து கேம் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு அனுப்புகிறேன். “புது பிசி வாங்கு” என்று எழுதினால் அழித்துவிடுவேன், விவாதிக்க மாட்டேன்.